மூன்றாவது பம்பு

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் கோகிலவாணி. வெள்ளைக் கோட்டும் ரப்பர் செருப்புமாக, கோவையிலிருந்து அவினாசி போகிற சாலையில் ஒரு பரிசோதனை லேபைக் கவனித்துவந்தார்.

சீடருக்கு நாற்பத்தொன்பது வயது. பெயர் சென்னியப்பன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, பட்டறையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்கிறோமே என்று அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. புரியாவிட்டாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் அவரிடம் நிறைய இருந்தது.

லேபில் மற்றவர்கள் இவர்களைப் பார்த்து, "குருகுலம் நடக்குதுப்பா" என்று கேலி செய்வார்கள். கேலிக்குக் காரணம் உண்டு. கோகிலவாணி எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. கேட்டவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடுவார்.

முதல் நாளே சென்னியப்பன் கேட்டார்.

"இந்த மெஷினுக்குள்ள ஓடறது வாயுங்களா, திரவமுங்களா மேடம்?"

"கரியமில வாயு சார். தீயணைக்கிற சிலிண்டர்ல இருக்குமே, அதேதான்."

"அப்ப வாயுங்க."

"நல்லா அழுத்தி, கொஞ்சம் சூடும் வச்சா?"

"திரவமாயிடுமுங்களா?"

"ஆகாது."

"பின்ன என்னதானுங்க அது?"

கோகிலவாணி சிலிண்டரின் திருகைத் திறந்து ஒரு துணிப்பைக்குள் ஊதவிட்டார். பையை விரித்தபோது உள்ளே வெள்ளை வெளேரென்று பனிப்பொடி. சென்னியப்பன் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். கோகிலவாணி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"விட்டதும் இப்படி ஆயிடுது பாருங்க," என்றார். "உள்ள இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?"

சென்னியப்பன் தலையாட்டினார்.

அந்த மெஷினுக்குத் தமிழில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாம்பிளே ஓடி முடிந்துவிடும் என்பதால் லேபில் எல்லாரும் எஸ்.எஃப்.சி. என்பார்கள். வேலை என்னவோ எளிதுதான். கரியமில வாயுவை அழுத்தி, வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் நடுவாந்தரமாக வைத்தால், அது எண்ணெய்ப் பசையுள்ள பொருட்களை எல்லாம் கரைத்துத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓடுகிற வழியில் ஒரு தடித்த குழாய். அதற்குள் பொருட்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்.

பிரிந்து வருகிறவற்றைப் பார்க்க இரண்டு டிடெக்டர்கள் பூட்டியிருந்தார்கள். முதலாவது வெளிச்சத்தால் பார்க்கும். யாரோ வருகிறார்கள், இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று சொல்லும். அது அழுத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டியதும் ஒரு வால்வு. அழுத்தம் விடுபடுகிற இடம் அதுதான். வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாயில் கொஞ்ச தூரம் போனால் இரண்டாவது டிடெக்டர். அது வந்தவரை எடை போட்டுப் பார்த்து, பேரையும் ஊரையும் சொல்லிவிடும்.

பம்புகள் மூன்று. ஒன்று வாயுவைத் தள்ளும். இன்னொன்று அதோடு ஒரு துளி மெத்தனாலைக் கலக்கும். மூன்றாவது சின்னப் பம்பு. அது வால்வுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இரண்டாவது டிடெக்டருக்குப் போகிற மெல்லிய குழாய்க்குள் கொஞ்சம் மெத்தனாலை விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் மெஷினைப் போட்டதிலிருந்து சாயங்காலம் நிறுத்துகிற வரை அதற்கு ஓய்வில்லை.

சென்னியப்பனுக்கு அந்த மூன்றாவது பம்பைக் கண்டாலே ஆகாது. சாயப்பட்டறைக்காரர். ஒரு சொட்டு வீணாகப் போனாலும் மனசு கேட்காது.

"இது எதையாவது பிரிக்குதுங்களா மேடம்?"

"இல்ல சார்."

"எதையாவது அளக்குதுங்களா?"

"அதுவும் இல்ல."

"பாதி நேரம் வெறுங்குழாய்லதானுங்க ஓடுது. ஒண்ணுமே வராதப்ப இது எதுக்குங்க ஓடோணும்?"

கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் வராத கேள்விக்குச் சென்னியப்பன் தானாகவே ஒரு பதிலை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மூன்றாவது பம்பை நிறுத்திவைத்தார்.

இது லேப் கதை. வீட்டுக் கதை வேறு.

சென்னியப்பனின் ஒரே மகள் ஆதிரை. எட்டு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர் அவள் அம்மா சுலோச்சனா. செவ்வாய்க்கிழமைதோறும் விடிவதற்குள் எழுந்து, இட்லி, பிளாஸ்க், மாற்றுத் துணி, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் அடுக்கிக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்தபடி கருமத்தம்பட்டியில் பஸ் ஏறுவார். ஆஸ்பத்திரி பெஞ்சில் மற்ற அம்மாக்கள் அழுதால் தேற்றுவது அவர்தான். ஆதிரைக்கு முடி கொட்டியபோது பழனிக்குப் போய்த் தானும் மொட்டையடித்துக்கொண்டு வந்து, "இப்ப யாருடி அழகு?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. வருஷக்கணக்கில் அப்படியே ஓடினார்.

போன தை மாதம் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பா நல்லாயிட்டா. இனிமே வருஷத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்மா."

சொந்தக்காரர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். ஆதிரை பள்ளிக்கூடம் போனாள். வாசலில் சைக்கிள் ஓட்டினாள். அதற்கப்புறம்தான் சுலோச்சனா உறைந்துபோனார்.

அடுப்பு மேடையில் கையை ஊன்றியபடி நிற்பார். பால் பொங்கி வழியும். அப்படியே நிற்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை வந்தால் விடிவதற்குள் எழுந்து, நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.

சென்னியப்பன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்கிறதையெல்லாம் செய்தார். சமையலுக்கு ஆள் வைத்தார். துவைக்க மெஷின் வாங்கினார். மகளைத் தானே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். கண்ணில் பட்டால்தானே ஞாபகம் வருகிறது என்று நீலப் பையைத் தூக்கிப் பரணில் போட்டார். இனி சுலோச்சனாவுக்குக் கையசைக்கிற வேலைகூட இல்லை என்று ஆக்கிவிட்டார். சுலோச்சனா இன்னும் கொஞ்சம் உறைந்தார்.

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்ச கதையாப் போச்சே," என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். தாராபுரத்திலிருந்து சுலோச்சனாவின் அண்ணன் வெங்கிடுசாமி போன் செய்தார்.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேனுங்க மாப்பிள்ளை. ஒரு ஆறு மாசம் எங்கூட்டுல இருக்கட்டும். புதன்கிழமை வர்றேன். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது பாருங்க."

சுலோச்சனாவிடம் கேட்டார்கள். தலையாட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. ஆதிரை மட்டும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா திரும்பி வருவாளாப்பா?"

"ஏங்கண்ணு அப்படிக் கேக்கற? ரெஸ்ட் எடுத்துட்டு வந்துருவா."

சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கே பயமாக இருந்தது. இந்த வீட்டைவிட்டுப் போனால், போன இடத்திலும் அவள் ஒரு மூலையில் அப்படியே நின்றுவிடுவாளோ என்று நினைத்தார். மகளை மீட்டுக் கொடுத்தவளைத் தொலைத்துவிடப் போகிறோம் என்று தோன்றியது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் லேபுக்கு வந்தபோது இரண்டு கவலைகளோடு வந்தார். சின்னக் கவலையை முதலில் சொன்னார்.

"ரெண்டாவது டிடெக்டர் செத்துப் போச்சுங்க மேடம்."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

போன வாரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது செண்டுமல்லிச் சாறு. சத்தியமங்கலம் பக்கத்துப் பூவிலிருந்து பிழிந்த மஞ்சள் சாயம். கோழித் தீவனத்துக்கும் கண் மாத்திரைக்கும் போகிற சரக்கு.

"முதல் டிடெக்டர்ல கோடு நல்லா எழுந்து நிக்குதுங்க. அது பாத்ததுதானுங்களே அடுத்து இதுக்கு வந்தாகோணும்? போன வாரம் பாதிதான் காட்டுச்சு. அப்புறம் கால்வாசி. இன்னைக்குச் சுத்தமா ஒண்ணுமில்லீங்க. ரெண்டு தடவை கழட்டித் தொடச்சும் பாத்துட்டேன்."

"முதல் ஆள் பொய் சொல்றாரோ என்னமோ."

"அதெப்படிங்க? நானே கண்ணால பாக்கறேனே."

"கண்ணால் கண்டதும் பொய்ன்னு சொல்லுவாங்களே சார்."

"அது மனுஷங்களுக்குச் சொன்னதுங்க மேடம். மெஷினுக்கு இல்ல."

கோகிலவாணி சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"அப்புறம், புதன்கிழமை அரை நாள் லீவு வேணுமுங்க."

"எதுக்கு சார்?"

சொல்லத்தான் போனார். லீவுக்குக் காரணம் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைகள், பொங்கி வழிந்த பால், பரணில் போட்ட பை, தாராபுரம்.

"கஷ்டம் இருந்த வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்தா மேடம். நானும் தெனம் பாத்துட்டுதானுங்களே இருந்தேன்? சிரிச்ச மொகம் மாறல. கஷ்டம் தீந்ததுக்கு அப்புறம் ஏனுங்க இப்படி ஆயிட்டா? பாரத்தையெல்லாம் நானே எறக்கி வச்சுட்டேனுங்களே."

 

கோகிலவாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நின்னு பாத்தீங்க சார்?"

"எங்கன்னா... ஊட்டுலதானுங்க."

"வாங்க. வால்வுக்கும் ரெண்டாவது டிடெக்டருக்கும் நடுவுல இருக்கே, அந்தக் குழாயைக் கழட்டுவோம்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மனசைத் திறந்து ஒன்று சொன்னால் இந்த அம்மாள் மெஷினைத் திறக்கச் சொல்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

அழுத்தத்தை இறக்கி, குழாயின் இரண்டு முனைகளையும் கழற்றினார். வெளியே பார்த்தால் சுத்தமான எஃகுக் குழாய். கோகிலவாணி ஒரு ஊசிக்குழலில் மெத்தனாலை எடுத்து, குழாயின் ஒரு முனையில் பொருத்தி, மெல்ல அழுத்தினார். மறுமுனைக்குக் கீழே வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

முதலில் சொட்டு விழவில்லை. குழாய் அடைத்திருந்தது. அவர் அவசரப்படாமல், அழுத்தியும் விட்டும், விட்டும் அழுத்தியும் காத்திருந்தார். பிறகு ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள். அடுத்த சொட்டும் மஞ்சள். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் கோர்த்துக்கொண்டது. இத்தனை நாள் போட்ட செண்டுமல்லி எல்லாம் அங்கேதான் இருந்தது.

"இது எந்தப் பக்கத்துல கெடந்துச்சு சார்?"

"வால்வுக்கு இந்தப் பக்கமுங்க. அழுத்தத்தை விட்டதுக்கு அப்புறம்."

"முதல் டிடெக்டர் எந்தப் பக்கம் உக்காந்திருக்கு?"

"அந்தப் பக்கமுங்க. அழுத்தத்துக்குள்ள."

"அது சொன்னது பொய்யா?"

"இல்லீங்க. அங்க இருந்த வரைக்கும் கரைஞ்சு, நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"விட்டதும் தூக்கிட்டு வந்த வாயு பறந்து போயிருக்குமுங்க. இது..."

சென்னியப்பன் நிறுத்தினார்.

"இது?"

"போக வழி தெரியாம நின்ன எடத்துலயே ஒட்டிக்கிச்சுங்க."

"செண்டுமல்லி மேல தப்பா?"

"இல்லீங்க."

"வால்வு மேல?"

"வால்வு என்னங்க பண்ணும்? எங்கயாவது ஒரு எடத்துல விட்டுத்தானுங்களே ஆகோணும்."

பம்பை யார் நிறுத்தினார்கள் என்று கோகிலவாணி கேட்கவில்லை. அவர் கேட்காததே சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

"நாந்தானுங்க நிறுத்தி வச்சேன்."

"தெரியும் சார்."

குழாயைத் திரும்பப் பூட்டினார்கள். கோகிலவாணி மூன்றாவது பம்பைப் போட்டார். டிக், டிக் என்று சின்னச் சத்தத்தோடு அது ஓட ஆரம்பித்தது. புது சாம்பிள் ஒன்றைச் செலுத்திவிட்டு இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் டிடெக்டரின் கோடு எழுந்தது. எப்போதும் எழுவதுதான். சென்னியப்பன் இரண்டாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அது படுத்தே கிடந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து எழுந்தது.

"வந்துருச்சுங்க," என்றார், மூச்சை விட்டபடி.

"வந்துருச்சு."

"அது என்னங்க மேடம் பண்ணுச்சு, அந்தப் பம்பு?"

"கூடப் போச்சு."

சென்னியப்பன் தலையாட்டவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க மேடம். கூடப் போனா என்னங்க சொல்லோணும்?"

"இது ஏதாவது சொல்லுச்சா?"

பம்பு டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என்ன கிழமை சார்?" என்று கேட்டார் கோகிலவாணி.

"செவ்வாய்ங்க."

"புதன்கிழமை லீவு எதுக்கு? நாளைக்கு எடுத்துக்குங்க. முழு நாளும்."

செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் விடிவதற்கு முன்னே எழுந்து பரணில் ஏறினார். நீலப் பையை இறக்கித் தூசி தட்டினார். பிளாஸ்க்கில் காபி போட்டு ஊற்றினார். சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டார், அது அவருக்கே தெரியும். இட்லிக்கு வழியில்லாமல் பன்னும் பிஸ்கட்டும் எடுத்து வைத்தார். ஆதிரையைப் பக்கத்து வீட்டில் சொல்லி ஒப்படைத்தார்.

சுலோச்சனா வழக்கம்போல எழுந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை இல்லை. கைகள் இரண்டும் பை இருக்க வேண்டிய இடத்தில் கிடந்தன. சென்னியப்பன் பையை அந்தக் கைகளுக்கு நடுவில் வைத்தார்.

"கிளம்பலாமா சுலோ?"

சுலோச்சனா நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதே பஸ். சுலோச்சனா எப்போதும் உட்காருகிற சீட் காலியாக இருந்தது. பக்கத்தில், ஆதிரை உட்காருகிற இடத்தில், சென்னியப்பன் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இந்த பஸ்ஸில் வந்தது கொஞ்சம்தான். வேலை, வேலை என்று இருந்துவிட்டார். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. எதையாவது பேசலாமா என்று வாய்வரை வந்தது. டிக், டிக் என்ற சத்தத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே அதே பெஞ்ச். சுலோச்சனா போய் ஓரத்தில் உட்கார்ந்தார். பழகின நர்ஸ் ஒருவர் பதறி ஓடிவந்தார்.

"என்னக்கா இன்னைக்கு? ஆதிரைக்கு என்னாச்சு?"

"ஆதிரை நல்லா இருக்காளுங்க," என்றார் சென்னியப்பன். "நாங்க சும்மா வந்தோமுங்க."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சுலோச்சனாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

குழந்தைகள் வந்தார்கள், போனார்கள். மொட்டைத் தலைகள், குல்லாக்கள். பக்கத்தில் ஒரு புது அம்மா, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. சென்னியப்பன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றி நீட்டினார். சுலோச்சனா வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"பாயசமாட்ட இருக்குதுங்க," என்றார்.

எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவர் தானாகப் பேசிய பேச்சு அது. சென்னியப்பன் அசையாமல் இருந்தார். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

"ஏனுங்க."

"ம்."

"அவ செத்துப் போயிருவான்னு நெனச்சேனுங்க."

சுலோச்சனா மூடியைப் பெஞ்சில் வைத்தார்.

"தெனமும் நெனச்சேன். இட்லி ஊத்தறப்ப நெனச்சேன். மொட்டையடிச்சுட்டு சிரிச்சனே, அப்பவும் அதேதான் நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா நடந்துருமோன்னு..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. முந்தானையைக்கூட எடுக்காமல், அத்தனை பேர் பார்க்க, சுலோச்சனா வாய்விட்டு அழுதார். அதுதான் நல்லாயிட்டாளே, இனி எதுக்கு அழுகை என்று சொல்லச் சென்னியப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. அந்தப் புது அம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

புதன்கிழமை தாராபுரத்திலிருந்து அண்ணன் காரோடு வந்து இறங்கினார். "துணிமணி எடுத்து வச்சாச்சாம்மா?" என்றார்.

சுலோச்சனா தலையாட்டவில்லை. வாயைத் திறந்து சொன்னார்.

"நான் வர்லீங்கண்ணா. உக்காருங்க, காபி வைக்கறேன்."

வியாழக்கிழமை காலையில் சென்னியப்பன் லேபுக்கு வந்தபோது கோகிலவாணி மெஷினைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். சென்னியப்பன் நடந்ததை எல்லாம் சொன்னார். பாயசக் காபியைச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். அழுகையைச் சொன்னபோது கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தார்.

"நல்லா அழுது தீத்துட்டாளுங்க மேடம். நேத்து சமையக்கார அம்மாவ நகரச் சொல்லிட்டு அவளே சோறாக்குனா. ஆதிரைகிட்டச் சண்டைகூடப் போட்டா." கொஞ்சம் தயங்கினார். "இனிச் சரியாயிருமுங்களா? இன்னும் நான் கூடவே இருக்கோணுமுங்களா?"

கோகிலவாணி மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சென்னியப்பனும் பார்த்தார்.

சாம்பிள் எதுவும் ஏற்றவில்லை. திரையில் இரண்டு கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன. வால்வுக்குப் பக்கத்தில் மூன்றாவது பம்பு, டிக், டிக் என்று, வெறுங்குழாய்க்குள் மெத்தனாலை விட்டுக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தன்னுடைய பழைய கேள்வியையே எடுத்துக் கேட்டார். இந்த முறை குரலில் கோபம் இல்லை.

"ஒண்ணுமே வராதப்ப இது எதுக்குங்க மேடம் ஓடோணும்?"

இத்தனை நாளும் அவரை சார் என்றே கூப்பிட்டு வந்த கோகிலவாணி, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எப்ப வரும்னு அதுக்குத் தெரியாதுங்களே அண்ணா."